மலேசியாவில் சீனரும் தமிழரும்: கூலியாக வந்தவர்கள்தான் இருவரும், எங்கே பிரிந்தது பாதை?

#1 கோவைக்காரன்

வேலை மாற்றலாகிக் கோலாலம்பூர் வந்து கொஞ்ச காலம் ஆகிறது. ஒரே பேச்சைப் பல வாயிலிருந்து கேட்டுவிட்டேன். டாக்சி ஓட்டுகிற தமிழர் சொல்கிறார், அலுவலகத்துச் சீன நண்பர் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார், ஊரிலிருந்து மாமா வாட்ஸப்பில் அனுப்புகிறார்: சீனனும் நம்மாளும் ஒரே காலத்தில் வெறுங்கையோடு கப்பல் ஏறியவர்கள், அவன் உழைத்துக் கடை போட்டான், நம்மாள் கள்ளுக்கடையில் உட்கார்ந்தான், அதனால்தான் இன்றைக்கு இந்த வித்தியாசம்.

எனக்கு இது ஒட்டவில்லை. உழைக்காதவனை எந்தத் துரை இத்தனை தலைமுறை வேலைக்கு வைத்திருப்பான்? அப்புறம் இதே ஊரில் டாக்டர், வக்கீல் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் நம் பெயர்கள் நிறையவே இருக்கின்றன, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுவதானாலும் விவரத்தோடு திட்டுங்கள்.

#2 கிள்ளான்வாசி

வெறுங்கையோடு வந்தது வரைக்கும் சரி. இறங்கின இடம் வேறு, அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

நம்மவர்கள் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி நேரே தோட்டத்துக்குப் போனார்கள். முதலில் ஒப்பந்தக் கூலி, அது 1910இல் ஒழிந்தது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. கங்காணி தன் சொந்த ஊருக்கே போய் உறவுக்காரர்களையும் கடனில் தவிக்கிற பக்கத்துத் தெருக்காரர்களையும் கூட்டி வருவார், காலைப் பெரட்டில், அதாவது ஆள் எண்ணும் வரிசையில், எத்தனை பேர் நின்றார்களோ அத்தனை பேருக்கும் அவருக்குத் தலைக்காசு. ஆளை வெளியே விடாமல் வைத்திருந்தால்தான் அவருக்கு வருமானம். வரிசையாகக் கட்டிய லயன் வீடு தோட்டத்துடையது, கோயில் நிற்கிற நிலம் தோட்டத்துடையது, பள்ளிக்கூடம் தோட்டத்துடையது, கடையில் வாங்கும் அரிசிக் கடன் சம்பளத்தில் கழியும், சாயங்காலத்துக்குக் கள்ளுக்கடையும் உள்ளேயே. சம்பாதித்த காசு வேலியைத் தாண்டுவதற்கு வழியே இல்லை.

சீனர்களிலும் கூலிகள்தான் அதிகம், இதை மறந்துவிட்டு எல்லாரும் தவுக்கேயாகவே, அதாவது முதலாளியாகவே, வந்து இறங்கினார்கள் என்பதுபோல் பேசுகிறார்கள். ஈயச் சுரங்கங்களில் காய்ச்சலிலும் பெரிபெரியிலும் செத்தவர்கள் ஏராளம், அபினில் அழிந்தவர்கள் ஏராளம். அவர்களுடைய ஒப்பந்தக் கூலி முறை 1914 வரை இருந்தது, நம்மைவிட நாலு வருஷம் கூடுதல். ஆனால் சுரங்கத்தைச் சுற்றி ஊர் முளைத்தது. தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர் எல்லாம் ஈயத்தால் வந்த ஊர்கள். ஊர் என்றால் சாப்பாட்டுக் கடை வேண்டும், தச்சன் வேண்டும், பன்றி வளர்க்கிறவன், வண்டிக்காரன், துணி தைக்கிறவன் எல்லாரும் வேண்டும். கடன் தீர்ந்த சீனக் கூலிக்கு அடுத்த தெருவில் இன்னொரு சீனரிடம் வேலை இருந்தது. கடன் தீர்ந்த தமிழனுக்கு அடுத்த தோட்டம்தான் இருந்தது.

ரப்பர் தோட்டத்திலேயே பால்மரம் வெட்டிய சீனர்களும் உண்டு. அவர்கள் கண்டிராக்டர் மூலமாகக் கூலி பேசிக்கொண்டு வருவார்கள், பிடிக்காவிட்டால் கிளம்பிவிடுவார்கள். அதனால் அதே மரத்துக்கு அவர்களுக்குக் கூலி அதிகம். 1941இல் எங்கள் கிள்ளான் வட்டாரத்தில் தமிழ்த் தொழிலாளிகள் நடத்திய வேலைநிறுத்தத்தில் என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? சீனருக்குத் தருகிற கூலியை எங்களுக்கும் கொடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்கிற வழக்கத்தை நிறுத்து, பிள்ளைகளுக்குப் படிப்பு வசதி செய், கள்ளுக்கடையை மூடு. ஆமாம், கள்ளுக்கடையை மூடச் சொன்னதே தொழிலாளிகள்தான். பதிலுக்குப் பட்டாளம் வந்தது, சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள், தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். உங்கள் மாமாவுக்கு இதையும் வாட்ஸப்பில் அனுப்புங்கள்.

#3 நேர்ப்பேச்சு

1941இல் வெள்ளைக்காரன் சுட்டான், சரி. அவன் போய் இத்தனை வருஷம் கழித்தும் நாம் பின்தங்கியே இருந்தோமே, 1981இல் யார் சுட்டது?

#4 ஈப்போ டீச்சர்

கேள்வி நியாயம்தான் தம்பி, அதற்கு வருவோம். அதற்கு முன்னால் கிள்ளான்வாசி விட்டுவிட்ட ஒன்று. ஊர் முளைத்தது என்றால் மட்டும் பணம் வந்துவிடுமா? சீனர்களிடம் முதல் முதலீடு சேர்ந்த விதம் எப்படி என்று கேட்க வேண்டாமா?

பாதி விடை வரிக் குத்தகையில் இருக்கிறது. அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை, இவற்றிலிருந்து வரி வசூலிக்கும் உரிமையை ஆங்கிலேய அரசு குத்தகைக்கு விட்டது, எடுத்தவர்கள் பெரும்பாலும் சீன முதலாளிகள். தன் சுரங்கத்தில் வேலை செய்கிற கூலிக்குத் தானே அபின் விற்று, கொடுத்த சம்பளத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. லோக் இயூ சிறுவனாகச் சிங்கப்பூர் வந்து கடைப் பையனாக வேலை பார்த்தவர், பிறகு ஈயம், அதன் பிறகு குத்தகை, அதன் பிறகு கோலாலம்பூரிலேயே பெரிய பணக்காரர். உழைப்பு இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ‘உழைத்துக் கடை போட்டான்’ என்ற ஒற்றை வரிக்குள் அபின் குத்தகை அடங்காது. இதையெல்லாம் என் சீனத் தோழிகளிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன், அவர்கள் தாத்தாக்களில் பலர் அந்த அபினைக் குடித்த பக்கம்தான், விற்ற பக்கம் இல்லை.

நம்மிலும் அந்தக் காலத்தில் அப்படி ஒருவர் இருந்தார். தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலும் பத்துமலையும் என்றால் அவர் பெயர்தான் வரும். ஆனால் அவர் லோக் இயூவின் தொழில் கூட்டாளியும்கூட. இருவரும் சேர்ந்து ரவாங்கில் சுரங்கம் நடத்தினார்கள், 1890களிலேயே அங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். விக்டோரியா பள்ளி தொடங்கியபோதும் இருவர் பெயரும் இருந்தது. அதாவது ஈயத்திலும் குத்தகையிலும் கால் வைக்க முடிந்த தமிழன் சீனனுக்குச் சமமாகவே நின்றிருக்கிறான். பிரச்சினை என்னவென்றால் அந்த மாதிரித் தமிழர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், மிச்சப் பேர் எல்லாம் தோட்டத்தில்.

இன்னொரு வேடிக்கை. மலாயாவில் முதன்முதலாக வியாபார நோக்கில் ரப்பர் நட்டவர் வெள்ளைக்காரர் இல்லை, மலாக்காவின் டான் சே யான், 1896இல். ரப்பரை நட்டதிலும் சீனர், வெட்டினதில் நாம்.

#5 கணக்குப்பிள்ளை

எண்களை வைத்துப் பேசலாம், இல்லாவிட்டால் இந்த இழை தாத்தா கதையிலேயே முடிந்துவிடும்.

1970இல் தீபகற்ப மலேசியாவில் குடும்பத்தின் சராசரி மாத வருமானம்: மலாய்க்காரர் 172 வெள்ளி (ரிங்கிட்), இந்தியர் 304, சீனர் 394. 2019இல் நாடு முழுவதற்கும்: பூமிபுத்ரா (மலாய்க்காரரும் மற்றப் பூர்வகுடிகளும்) 7,093, இந்தியர் 8,216, சீனர் 9,895. அதாவது சீனர் 100 வெள்ளி சம்பாதித்தபோது 1970இல் இந்தியர் 77, 2019இல் 83. ஐம்பது வருஷத்தில் இடைவெளி கூடவில்லை, கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது. பேச்சில் கேட்கிற ‘மலைக்கும் மடுவுக்கும்’ வித்தியாசம் இந்த எண்களில் இல்லை.

ஆனால் இது சராசரி. நடுவண் வருமானத்தைப் பாருங்கள், அதாவது வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்கிற குடும்பம். 2019இல் சீனர் 7,391, இந்தியர் 5,981, பூமிபுத்ரா 5,420. நடுவணைவிடச் சராசரி எவ்வளவு மேலே இருக்கிறது என்று போட்டால் பூமிபுத்ரா 31 சதவீதம், சீனர் 34, இந்தியர் 37. மூன்றில் நம்மிடம்தான் மேல்தட்டு சராசரியை அதிகமாக மேலே இழுக்கிறது. கோவைக்காரன் பார்த்த டாக்டர், வக்கீல் பலகைகள் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன. இன்னொன்று, இவை குடும்ப வருமானம். சீனக் குடும்பம் சிறியது, நம் குடும்பம் கொஞ்சம் பெரியது, தலைக்கு என்று பிரித்தால் இடைவெளி இன்னும் கூடும்.

உண்மையான பள்ளம் வருமானத்தில் இல்லை, சொத்தில். 1970இல் நிறுவனப் பங்குகளில் சீனர் கையில் 27.2 சதவீதம், மலாய்க்காரர் கையில் 2.4, இந்தியர் கையில் 1.1. மிச்சத்தில் பெரும்பகுதி, 63 சதவீதம், வெளிநாட்டவரிடம். தீபகற்பத்தில் மக்கள்தொகையில் பத்தில் ஒருவராக இருந்தவர்களிடம் பங்குகளில் நூற்றில் ஒன்று. அரசின் ஐந்தாண்டுத் திட்டமான ஒன்பதாவது மலேசியத் திட்டத்தில் இந்தியர் பங்கை 2020க்குள் 3 சதவீதமாக்குவோம் என்று இலக்கு வைத்தார்கள், இலக்கே மூன்றுதான்! சம்பளத்தில் 77க்கு 100 இருந்தவர்கள் பங்கில் 1க்கு 25. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரியும், நம்மவர்கள் சம்பளக்காரச் சமூகம். சோம்பேறிச் சமூகம் என்றால் முதல் எண்ணே இப்படி வந்திருக்காது.

#6 நேர்ப்பேச்சு

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது கணக்குப்பிள்ளை சார், ஆனால் என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சம்பளம் வந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். வந்த சம்பளம் எங்கே போனது?

நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான், வெளியாள் மாதிரி பேசவில்லை. தீபாவளிக்குக் கடன், கல்யாணத்துக்குக் கடன், காதுகுத்துக்குக்கூட மண்டபம். கடன் கந்துவட்டிக்கார ஆலோங்கிடம் போய் நிற்கும். ஒரு தோட்டத்துக்கு இரண்டு கோயில், கோயிலுக்கு இரண்டு கமிட்டி, திருவிழா முடிந்தால் கோர்ட்டு. பையன்கள் குண்டர் கும்பலில். இதெல்லாம் பிரிட்டிஷ்காரன் வந்து செய்துவிட்டுப் போனானா? சேர்ந்து தொழில் செய்யலாம் என்று 1982இல் மஇகா கட்சி தொடங்கிய மைக்கா முதலீட்டு நிறுவனம் வந்தது. பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் திரண்டது, போட்டவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல், பலபேர் தோட்டத் தொழிலாளிகள். கடைசியில் கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து ஒரு வெள்ளிப் பங்கை 80 காசுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்கிற நிலைக்கு வந்தது. சீனன் இப்படியா செய்கிறான்? அவன் குலச் சங்கத்தில் பணம் போட்டால் பள்ளிக்கூடம் எழும்புகிறது.

#7 கணக்குப்பிள்ளை

சீனன் இப்படியும் செய்திருக்கிறான், அதுதான் விஷயம். சீனர்களின் அரசியல் கட்சியான மலேசிய சீனர் சங்கம் 1975இல் தொடங்கிய மல்டி பர்பஸ் நிறுவனமும் இதே மாதிரிச் சாதாரண மக்களிடம் பங்கு சேர்த்துத்தான் வந்தது, எண்பதுகளில் தள்ளாடியது. 1986இல் சீனர்கள் பணம் போட்டிருந்த 24 கூட்டுறவுச் சங்கங்களை அரசு முடக்கியது, லட்சக்கணக்கானவர்களின் சேமிப்பு மாட்டிக்கொண்டது. அவர்களுக்கும் வயிறு எரிந்தது. ஆனால் அவர்களுக்கு அது பல வழிகளில் ஒரு வழி. கடை இருந்தது, வீட்டு மனை இருந்தது, தைவான் போய்ப் படித்த பையன் இருந்தான். தோட்டத் தொழிலாளிக்குப் பங்கு வாங்கின அந்த ஒரு சீட்டுதான் வாழ்க்கையில் கிடைத்த ஒரே சொத்துப் பத்திரம்.

#8 செந்தூல்மகள்

இதில் எங்களை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். பேசுவது தமிழ், கும்பிடுவது அதே முருகன், வந்ததும் கிட்டத்தட்ட அதே காலம். ஆனால் எங்கள் பக்கத்தில் பால்மரம் வெட்டியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

காரணம் சாதாரணம். அமெரிக்க மிஷனரிமார் 1816இலேயே யாழ்ப்பாணம் வந்துவிட்டார்கள், 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். ஊரில் நிலம் சிறிது, வேலை இல்லை, இங்கிலீஷ் படித்த பெடியன்மார் நிறைய. இங்கே 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடிற்று. பாதை போடவும் ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி (குமாஸ்தா), சர்வேயர் வேலைக்கும் இலங்கையிலிருந்தே ஆள் எடுத்தார்கள். கோலாலம்பூரில் செந்தூல் பட்டறை, பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் எல்லாம் அப்படி வந்ததுதான். பட்டணத்தில் வீடு, பக்கத்திலேயே இங்கிலீஷ் பள்ளிக்கூடம், வயதானால் பென்ஷன். அடுத்த தலைமுறை டாக்டர், அதற்கடுத்தது வக்கீல். பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஆனந்த கிருஷ்ணன் நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக 2024இல் காலமானார்.

இப்போது நேர்ப்பேச்சு அண்ணைக்கு ஒரு கேள்வி. கோளாறு எங்கள் பண்பாட்டில் என்றால் அதே பண்பாடு செந்தூலில் ஏன் வேறு மாதிரி வேலை செய்தது? கலியாணத்துக்குக் கடன் வாங்குவதில் யாழ்ப்பாணத்தாரை மிஞ்ச ஆள் உண்டா, சீதனம் என்றால் என்ன என்று எங்கள் அம்மாவைக் கேளுங்கோ. எங்களில் சிலர் ‘தோட்டக்காட்டான் இல்லை நாங்கள்’ என்று ஒதுங்கிப் பேசியதும் உண்டு, அந்தத் திமிரை நான் நியாயப்படுத்தவில்லை. எங்கள் ஆட்கள் கூடுதலாகக் கொண்டுவந்தது ஒரு சர்டிபிகேட், அவ்வளவுதான்.

#9 நேர்ப்பேச்சு

அப்படியென்றால் சாதி என்று சொல்லுங்கள், எதற்குச் சுற்றி வளைக்கிறீர்கள்.

#10 கிள்ளான்வாசி

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கங்காணி கூட்டிவந்தவர்களில் பெரும்பகுதி ஊரில் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். பள்ளிக்கூட வாசலையே பார்க்காதவர்கள். ஆனால் 1981இல் யார் சுட்டது என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சாதி மட்டும் இல்லை.

நடந்ததை வரிசையாகப் போடுகிறேன். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பயந்து தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள், துண்டாடல் என்று அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளில் தினமும் வந்த சொல். துண்டு வாங்கினவருக்கு லயத்து ஆட்கள் தேவையில்லை. 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை. காகிதத்தில் அதன் நோக்கம் இனம் பாராமல் வறுமையைப் போக்குவது, நடைமுறையில் அது மலாய்க்காரர்களை மேலே தூக்குவது, அந்த 172 வெள்ளியைப் பார்த்தால் அதற்கு நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அடி விழுந்த விதத்தைப் பாருங்கள். சீனருக்கு அரசாங்க வேலை பெரிதாக முன்பும் இல்லை, ஆகவே அது போனதில் அவர்களுக்கு இழப்பு குறைவு. நமக்கோ தோட்டத்தை விட்டு மேலே ஏற இருந்த ஒரே ஏணி ரயில்வே, பொதுப்பணி, டெலிகாம், தண்ணீர் வாரியம். அந்த வேலைகளில் புதிதாக எடுப்பது மலாய்க்காரரை என்றானதும் ஏணியே போய்விட்டது. நிலம்? 1956இல் தொடங்கிய ஃபெல்டா என்ற அரசு நிலக்குடியேற்ற அமைப்பு நிலமில்லாதவர்களுக்குக் காடு வெட்டி ரப்பரும் செம்பனையும் நட்டு நிலம் கொடுத்தது. ரப்பர் வெட்டுவதில் இந்த நாட்டிலேயே அதிக அனுபவம் இருந்தது யாருக்கு? அந்தத் திட்டங்களில் எத்தனை இந்தியர்களைப் பார்த்திருக்கிறீர்கள்?

பிறகு எண்பதுகள், தொண்ணூறுகள். ரப்பர் போய்ச் செம்பனை, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம், கோல்ஃப் மைதானம், நெடுஞ்சாலை. சிலாங்கூரில் கிட்டத்தட்ட முழுத் தோட்ட வரிசையே கட்டடமானது. தோட்டத்தில் இருந்தவனுக்கு வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை. அதே வாரம் வீடு போகும், கோயில் போகும், பள்ளிக்கூடம் போகும், கடன் கொடுத்த கடைக்காரர் போவார். நாங்கள் இருந்த தோட்டத்தில் நஷ்டஈடு என்று கொடுத்ததில் பட்டணத்தில் ஒரு வருஷ வாடகைகூடக் கட்டவில்லை. லட்சக்கணக்கான பேர் இப்படி வந்து புறம்போக்குக் குடிசையில் ஏறினார்கள், கும்பல் பையன்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். நீங்கள் சொல்கிற தோட்டத்துப் பையன் தோட்டம் இருந்தவரை கோயிலில் உறுமி அடித்துக்கொண்டிருந்தவன்.

இப்போது சீனரை வையுங்கள். 1930களின் மந்தத்தில் சுரங்க வேலை இழந்த சீனர்கள் காட்டோரம் காய்கறி போட்டுப் பிழைத்தார்கள், அதே மந்தத்தில் நம்மவர்களை அரசாங்கமே ஊருக்குத் திருப்பி அனுப்பியது, லட்சத்துக்கும் மேல். 1948இல் அவசரகாலம். காட்டோரச் சீனர்கள் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுக்கிறார்கள் என்று 1950 முதல் சுமார் ஐந்து லட்சம் பேரைப் பிடுங்கி முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். கொடுமைதான், ஊரடங்கு, அரிசி ரேஷன், சோதனை எல்லாம். ஆனால் முள்வேலியைப் பிரித்தபோது அவர்கள் கையில் தெரு இருந்தது, சந்தை இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, குத்தகையாகவாவது ஒரு மனை இருந்தது. பட்டணம் விரிந்தபோது அந்தக் கிராமங்களில் பல பட்டணத்துக்குள்ளேயே வந்துவிட்டன. கோலாலம்பூரின் ஜிஞ்சாங்கை இன்று போய்ப் பாருங்கள். பட்டணம் விரிந்ததால் சீனன் மனை விலை ஏறியது, அதே பட்டணம் விரிந்ததால் தமிழன் லயம் இடிந்தது. நீங்கள் கேட்ட 1981 இதுதான்.

#11 காரைக்குடி வாசகன்

மூலதனம் பற்றி டீச்சரம்மா சொன்னதில் எங்கள் ஆட்களையும் சேர்த்துக்கொள்ளலாம். தமிழனிடம் பணமே இல்லை என்பது சரியில்லை, பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் நகரத்தார் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள் இருந்த கட்டடங்கள்) இருந்தன, சீனச் சுரங்க முதலாளிக்கும் ரப்பர் முதலாளிக்கும் கடன் கொடுத்ததே செட்டியார்கள்தான். தோட்டத் தொழிலாளிக்குக் கொடுக்கவில்லை, அடமானம் வைக்க அவரிடம் என்ன இருந்தது?

ஆனால் அந்தப் பணம் அங்கே தங்கவில்லை. ஏஜெண்டு மூன்று வருஷக் கணக்கில் போவார், கணக்கு முடித்து ஊர் திரும்புவார், பெண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போகமாட்டார், லாபம் செட்டிநாட்டில் வீடாக எழும்பும். 1930களில் கடன்காரர்கள் கட்ட முடியாமல் போனபோது தோட்டங்களும் கடைவீடுகளும் கையில் வந்து சேர்ந்தன, அப்போதும் மனசு ஊரில். சீனர்களும் முதலில் ஊருக்குத்தான் காசு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் 1933இல் வந்த சட்டம் சீன ஆண்கள் வருகைக்கு வரம்பு போட்டது, பெண்களுக்குச் சில வருஷம் வரம்பு இல்லை. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், குடும்பம் ஆனது. 1949இல் சீனாவில் ஆட்சி மாறிய பிறகு திரும்பிப் போகும் எண்ணமே பலருக்கு அற்றுப்போனது. எங்கள் ஐயாக்களுக்குக் காரைக்குடி கடைசிவரை திறந்தே இருந்தது. அங்கே சம்பாதித்த தமிழ்ப் பணம் அங்கிருந்த தமிழருக்கு ஆகவில்லை என்பதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

#12 சிங்கைமுகில்

குறுக்கே ஒரு வரி. சிங்கப்பூரில் இந்தியக் குடும்பங்களின் நடுவண் வருமானம் 2010 கணக்கெடுப்பிலேயே சீனரைத் தாண்டிவிட்டது, 5,370 டாலருக்கு 5,100. அதற்காக இங்கே தமிழர் திடீரென்று திறமைசாலிகளாகிவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம், கணினித் துறைக்கும் வங்கிக்கும் ஆள் எடுத்து நிரந்தரவாசம் கொடுத்ததில் கணக்கு மேலே போனது. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த பழைய குடும்பங்களும் நேற்று வந்த வங்கி அதிகாரியும் கணக்கெடுப்பில் ஒரே ‘இந்தியர்’. யாரை உள்ளே விடுகிறோமோ அதுதான் சராசரி.

#13 ஈப்போ டீச்சர்

சிங்கைமுகில் சொன்னது அப்படியே இங்கே தலைகீழ். ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்ததில் பெரும்பகுதி படிக்காதவர்களை, படிக்காமலே வைத்திருக்கவும் செய்தார்கள். 1923 தொழிலாளர் சட்டப்படி பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும். வைத்தார்கள். பல இடங்களில் ஒரு கொட்டகை, வாத்தியார் வேலையையும் சேர்த்துப் பார்க்கிற கிராணி, நாலாம் வகுப்போடு சரி. காலையில் பிள்ளை அம்மாவோடு வெளிக்காட்டுக்குப் போய் ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர்) பொறுக்கிவிட்டுத்தான் பள்ளிக்கு வரும்.

தமிழ்ப்பள்ளியால்தான் பின்தங்கினோம் என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சீனப் பிள்ளையும் தாய்மொழிப் பள்ளியில்தான் படித்தது. வித்தியாசம் யார் நடத்தினார்கள் என்பதில். சீனப் பள்ளியை ஊர்ச் சங்கமும் கடைக்காரர்களும் நடத்தினார்கள், பள்ளி தங்கள் பிள்ளைக்காக. தோட்டப்பள்ளியைக் கம்பெனி நடத்தியது, அதற்கு நாளைய வெட்டுக்காரன் போதும். சுதந்திரத்தின்போது எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். சீன ஆரம்பப்பள்ளிகள் ஆயிரத்து முந்நூறு அளவில் இருக்கின்றன, அதற்கு மேல் அவர்களே காசு போட்டு நடத்துகிற சுமார் 60 தனியார் இடைநிலைப் பள்ளிகள். பல்கலைக்கழகத்தில் மலாய்க்காரருக்கு இட ஒதுக்கீடு வந்தபோது அந்தப் பள்ளிச் சான்றிதழைத் தைவான் ஏற்றுக்கொண்டது, கட்டணமும் மலிவு. கடைக்காரர் மகன் தைவானில் இன்ஜினியர் ஆனான். நம் பிள்ளைக்கு இந்தியா இருந்தது, அதுவும் பணம் இருந்த வீட்டுக்கு. என் வகுப்பில் நன்றாகப் படித்த தோட்டத்துப் பெண்கள் பலர் பினாங்கின் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனார்கள். தம்பி தங்கைகளைப் படிக்கவைத்தது அவர்கள் சம்பளம்தான், எந்தத் தலைவரும் இல்லை.

#14 நேர்ப்பேச்சு

டீச்சர், மரியாதையோடு சொல்கிறேன், இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் எல்லாம் அடுத்தவன் செய்தது என்றால் நாம் செய்ய இருந்தது எதுவுமே இல்லையா? துண்டாடல் நடந்தபோதே மஇகா தலைவர் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கவில்லையா? மாதம் பத்து வெள்ளி, நூறு வெள்ளி ஒரு பங்கு. அதே தொழிலாளி, அதே கள்ளு, அதே சாதி. கட்டினானா இல்லையா? கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்களா இல்லையா? அப்போது முடிந்தது பிறகு ஏன் முடியவில்லை? நான் கேட்பது தலைமையை, தொழிலாளியை இல்லை.

#15 கிள்ளான்வாசி

இப்படிக் கேட்டிருந்தால் முதல் நாளே ஒத்துப்போயிருப்போம் அண்ணே. கட்டினார்கள், எங்கள் பாட்டி கட்டிய புத்தகம் வீட்டில் இருக்கிறது. சேமிக்கத் தெரியாத கூட்டம் என்பதற்கு அதுவே பதில்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கூட்டுறவுச் சங்கம் தோட்டத்தை வாங்கியது, அது பெரிய காரியம். ஆனால் விற்பனைக்கு வந்த நிலத்துக்கு முன்னால் பத்து வெள்ளித் தவணை எவ்வளவு தூரம் ஓடும்? அதை அரசாங்கம் செய்திருக்க வேண்டும், அல்லது கம்பெனிகளைச் செய்ய வைத்திருக்க வேண்டும். முழுத் தோட்டமும் வேண்டாம், லயம் இருந்த இடத்தை மட்டும் அறுபதுகளில் குடும்பத்துக்கு ஒரு மனையாக எழுதிக் கொடுத்திருந்தால் போதும். தொழிலாளிக்குச் சொந்த வீடு என்று எழுபதுகளிலிருந்து பேசிக்கொண்டேதான் இருந்தார்கள், அதற்குள் சிலாங்கூர் முழுக்கக் கட்டி முடித்துவிட்டார்கள்.

#16 கோவைக்காரன்

மாமாவுக்கு இழையின் லிங்க்கை அனுப்பினேன். ‘இவ்வளவு நீளம் யார் படிப்பது’ என்று பதில் வந்திருக்கிறது. கணக்குப்பிள்ளை சார், அந்தப் பங்கு சதவீதம் மாதிரி வீடு, நிலத்துக்கும் இனவாரிக் கணக்கு உண்டா? இருந்தால் அதையும் போடுங்கள்.